கையை எடுப்பதற்கு முன்

போன மாதம் எங்கள் பழைய நர்சிங் பள்ளியிலிருந்து ஓர் இளம் ஆசிரியை என்னைத் தேடி முகப்பேர் வீட்டுக்கு வந்தார். ஓய்வு பெற்ற பிறகு என்னைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் பிரஷர் பார்க்கச் சொல்லும் அடுத்த ஃபிளாட்காரர்கள்தான். இவர் வேறு காரியமாக வந்திருந்தார். புதிய பாடத்திட்டத்தில் நெறிமுறைக்குக் கூடுதல் நேரம் ஒதுக்கியிருக்கிறார்களாம். அனுபவமுள்ள ஒருவர் வந்து பேசினால் நன்றாயிருக்கும் என்று முதல்வர் சொன்னாராம். லேப்டாப்பைத் திறந்து தான் தயாரித்த பாடத்தைக் காட்டினார். தன்னுரிமை, நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி என்று நான்கு வட்டங்கள், நான்கு நிறங்கள். ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் சிரித்த முகத்தோடு ஒரு வெள்ளைக்கார நர்ஸ்.

நன்றாக இருக்கிறது என்றேன். வீடு தேடி வந்தவர்களிடம் முகத்தில் அடித்தாற்போல் பேசக்கூடாது என்று என் மகள் எனக்குப் பலமுறை சொல்லி வைத்திருக்கிறாள். காபி கொடுத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டேன். பிழைக்க மாட்டார் என்று தெரிந்த நோயாளியை ஆம்புலன்ஸில் வீட்டுக்கு அனுப்புகிறோமே, கூட ஒரு நர்ஸ் போகிறாளே, அது இந்தப் பாடத்தில் எங்கே வருகிறது? அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தார். "அது டிஸ்சார்ஜ் ப்ரொசீஜர்ல வரும் மேடம். எதிக்ஸ்ல வராது" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். வகுப்பில் நின்று சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன். அப்புறம் பிள்ளைகள் என் அழுகையைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள்.

என் அப்பா ஆவடியில் ஃபிட்டர். தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் பிறந்து, ரயில் சத்தத்தில் படித்து, ப்ளஸ் டூ முடித்ததும் ஓர் அரசு மருத்துவமனையில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். நெறிமுறை என்று அப்போதும் ஒரு பாடம் இருந்தது. நர்ஸ் என்பவள் பொறுமையானவள், தூய்மையானவள், தன்னலம் கருதாதவள் என்று எழுதினால் மதிப்பெண் போடுவார்கள். நான் நிறைய வாங்கினேன். டாக்டர் வந்தால் எழுந்து நிற்பது, கொண்டையில் வலை போடுவது, வராந்தாவில் சத்தமாகச் சிரிக்காமல் இருப்பது, இவையும் நெறிமுறைக்குள்தான் அடங்கின. சில வருடம் வார்டுகளில் உழைத்துவிட்டு, பூந்தமல்லி தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்கு வந்தேன். முதலில் தீவிர சிகிச்சைப் பிரிவு, பிறகு அதே வளாகத்திலிருந்த நர்சிங் பள்ளியில் ஆசிரியை. அங்கேதான் எஸ்தர் அம்மாவின் கையில் மாட்டிக்கொண்டேன்.

எஸ்தர் அம்மா நர்சிங் கண்காணிப்பாளர். மேட்ரன் என்றுதான் எல்லோரும் சொல்வோம். ஒல்லியான உருவம், கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை. நடந்தால் செருப்புச் சத்தம் கேட்காது. கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். திட்டு வாங்க வேண்டுமென்றால் நாமே அருகில் போய்க் காதைக் கொடுக்க வேண்டும். அதுவே பாதி தண்டனை.

அவர் எங்களுக்கு வைத்திருந்த சட்டம் ஒன்றுதான்: சொல்லிவிட்டுத் தொடு. கட்டிலின் கால்மாட்டில், நோயாளியின் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் முதலில் நிற்க வேண்டும். அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். நான் யார், என்ன செய்யப் போகிறேன், எங்கே வலிக்கும் என்று சொல்ல வேண்டும். ஒரு மூச்சு நேரம் காத்திருக்க வேண்டும். அப்புறம்தான் கை படலாம். நினைவில்லாதவர்களுக்கும் இதே கதைதான். வென்டிலேட்டரில் கிடப்பவர்களுக்கும் இதே கதைதான். வேலை முடிந்ததும் முடிந்தது, போகிறேன் என்று சொல்ல வேண்டும். "கைய வைக்கிறது ஒரு வேலைன்னா கைய எடுக்கிறதும் ஒரு வேலைதான். அதையும் சொல்லணும்" என்பார்.

பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். ஒருமுறை இரண்டாம் வருடத்துப் பெண் ஒருத்தி நினைவில்லாத நோயாளியை ஒரு வார்த்தை பேசாமல் மூட்டையைப் புரட்டுவது போலப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டாள். எஸ்தர் அம்மா அவளைச் செய்முறை அறைக்கு அழைத்துப் போய் அங்கிருந்த கட்டிலில் படுக்கச் சொன்னார். கண்ணை ஒரு துணியால் கட்டினார். பிறகு ஒன்றும் செய்யாமல் நின்றார். நாங்களும் நின்றோம். அறையில் மின்விசிறி மட்டும் சுற்றியது. அந்தப் பெண்ணின் கால் விரல்கள் மடங்கத் தொடங்கியபோது, குளிர்ந்த நீரில் நனைத்த பஞ்சை அவள் கழுத்தில் வைத்தார். அவள் வீறிட்டாள். "அவரால கத்த முடியாது. அதுதான் வித்தியாசம்" என்று சொல்லிவிட்டுக் கண் கட்டை அவிழ்த்துவிட்டார்.

இது கொஞ்சம் அதிகம் மேட்ரன் என்று வெளியே வந்ததும் சொன்னேன். அப்படியா, நீயும் படு என்றார். ஆசிரியை என்றும் பார்க்கவில்லை. படுத்தேன். எங்கே தொடுவார், எப்போது தொடுவார் என்று தெரியாமல் கிடந்த அந்த நேரம் எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. கடைசிவரை அவர் என்னைத் தொடவே இல்லை. எழுந்திரு என்று வாசலிலிருந்து சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இதைப் படித்துவிட்டு எஸ்தர் அம்மாவைத் தெய்வமாக்கிவிட வேண்டாம். ஆம்புலன்ஸில் யார் போக வேண்டும் என்று தீர்மானித்ததும் அவர்தான்.

எங்கள் பக்கத்து ஜனங்களில் பலருக்கும் உயிர் வீட்டில்தான் போக வேண்டும். மருத்துவமனையில் போனால் உடலாகத்தான் வரும், உடலாக வந்ததைச் சில வீடுகளில் உள்ளே எடுப்பதில்லை, வாசலோடு சரி. அதனால் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் கைவிரித்ததும், மூச்சு இருக்கும்போதே வீட்டுக்குக் கொண்டு போய்விடுகிறோம் என்று கேட்பார்கள். வென்டிலேட்டரைக் கழற்றி, தொண்டைக்குள் இருக்கும் குழாயை மட்டும் அப்படியே விட்டு, அதன் முனையில் ஆம்பு என்கிற காற்றுப் பையை மாட்டுவோம். ஒரு நர்ஸ் அதைக் கையால் அழுத்திக்கொண்டே போவாள். அழுத்தினால் நெஞ்சு ஏறும், விட்டால் இறங்கும். வீட்டில் கட்டிலில் கிடத்தி, உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக உதட்டோரம் பால் தொட்டு வைத்ததும், பெரியவர் யாராவது தலையை அசைப்பார். நர்ஸ் கையை எடுக்க வேண்டும். குழாயை உருவ வேண்டும். வாயைத் துடைத்துவிட்டு, அதே ஆம்புலன்ஸில் திரும்பி வந்து மீதி ஷிஃப்டைப் பார்க்க வேண்டும்.

இதற்கு அனுப்பப்படுகிறவள் எப்போதும் இருப்பதிலேயே சின்னவள். அனுபவம் உள்ளவர்களைத் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து கிளப்ப முடியாது, அங்கே பிழைக்கக்கூடியவர்கள் இருக்கிறார்கள் என்பது காரணம். நியாயமான காரணம்தான். நானும் சின்னவளாக இருந்தபோது போயிருக்கிறேன். போய்விட்டு வந்தவள் கொஞ்ச நேரம் குளியலறையில் இருப்பாள். வெளியே வந்ததும் சாப்பிட்டாயா என்று கேட்போம். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்டதில்லை.

தேன்மொழி செய்யாறு பக்கத்திலிருந்து வந்தவள். எங்கள் பள்ளியில் படித்து முடித்து, கட்டாயப் பணி வருடத்தில் இருந்தாள். மேட்ரனின் சட்டத்தைச் சிரிக்காமல் எடுத்துக்கொண்ட ஒரே ஜீவன் அவள்தான். வென்டிலேட்டரில் கிடப்பவர்களிடம் வாய் ஓயாமல் பேசுவாள். தாத்தா வெளியே மழை, ரோடு முழுக்கத் தண்ணி, உங்க பேரன் பஸ்ஸு கிடைக்காம லேட்டாத்தான் வருவான், இப்போ உங்க கையில ஊசி போடப் போறேன், எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும். வார்டில் அவளுக்கு வானொலி என்று பெயர். வானொலி இன்றைக்கு எந்தக் கட்டிலில் ஒலிபரப்பு என்று டாக்டர்களே கிண்டல் செய்வார்கள்.

அவள் பார்த்துக்கொண்டிருந்த நோயாளி ஏழுமலை. சென்னீர்குப்பத்துக்காரர். அவர் அப்பா அந்தப் பக்கத்து நிலங்களில் கூலிக்கு ஏர் ஓட்டியவர். இவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கடைசிவரை லேத்தில் நின்றவர். காலையில் குளிக்கப் போனவர் மூளையில் ரத்தம் கசிந்து அங்கேயே விழுந்துவிட்டார். வந்தபோதே கண் பாவைகள் விரிந்துதான் இருந்தன. தானாக மூச்சு விடவில்லை. சில நாள் பார்த்துவிட்டு, இதற்கு மேல் பயனில்லை என்று டாக்டர் அவருடைய மகன் பிரபுவிடம் சொன்னார். பிரபு கூரியர் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறவன், சாதுவான பையன். வீட்டுக்கே கொண்டு போய்விடுகிறோம் என்றான்.

ஏழுமலையின் மனைவி சரோஜா அத்தனை நாளும் வெளியே தரையில்தான் உட்கார்ந்திருந்தார். அவரிடம் பிரபு, அப்பாவுக்குப் பரவாயில்லை, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றான். அந்த அம்மா எழுந்து அங்கிருந்த எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டார். தேன்மொழியும் பார்த்தாள். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அவளும் வழக்கம் போல நோயாளியின் காதில் குனிந்து, ஐயா வீட்டுக்குப் போறோம், இனிமே உங்க வீட்டுலதான் இருப்பீங்க என்று சொல்லியிருக்கிறாள்.

அவர்கள் கிளம்பியது முற்பகலில். சென்னீர்குப்பம் பக்கம்தான், சீக்கிரம் திரும்பியிருக்க வேண்டும். வேலூரில் கட்டிக் கொடுத்திருந்த மகள் வந்து சேரும்வரை அழுத்தச் சொல்லியிருக்கிறார்கள். மகள் வந்தாள், அழுதாள், பால் தொட்டு வைத்தாள். அதற்கப்புறமும் ஆம்புலன்ஸ் வரவில்லை. பிற்பகலில் டிரைவர் குமார் வார்டுக்குப் போன் செய்தார். நான்தான் எடுத்தேன்.

"மேடம், இந்தப் பொண்ணு கைய எடுக்க மாட்டேங்குது. அல்லாரும் சைகை காட்டிகினு கீறாங்கோ, இது பாட்டுக்கு அமுக்கிகினே கீது. ஆக்சிஜன் சிலிண்டர் வேற முடியப் போவுது. யாராச்சும் வாங்கோ."

மேட்ரனிடம் போய்ச் சொன்னேன்.  உன் பிள்ளை, நீ போ என்றார். ஆட்டோ பிடித்துப் போனேன்.

கூடத்தில் கட்டில் போட்டிருந்தார்கள். சுற்றிலும் ஆட்கள். யாரும் அழவில்லை, அழுவதற்காகக் காத்திருந்தார்கள். தலைமாட்டில் தேன்மொழி நின்றாள். விரல்கள் பிடித்துக்கொண்டுவிட்டதால் பையைத் தன் வயிற்றோடு சேர்த்து முழங்கையால் அழுத்திக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் வியர்வை. கால்மாட்டில் சரோஜா உட்கார்ந்து கணவரின் பாதத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே, "ஊட்டுக்கு வந்துட்டோம் பாருப்பா. கண்ணத் தொற" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் நின்ற பிரபு தேன்மொழியைப் பார்த்துக் கையை விரித்து, போதும் போதும் என்று சைகை செய்தபடி இருந்தான்.

நான் அவள் பக்கத்தில் போய், என்னம்மா என்று கேட்டேன். அவள் என் காதோடு சொன்னாள்.

"கைய எடுக்கறதையும் சொல்லிட்டுத்தான் எடுக்கணும்னு சொல்லிக் குடுத்தீங்க. என்னன்னு சொல்றது மேடம்? காலைல வீட்டுக்குப் போறோம்னு நானே சொன்னேன். இப்ப உங்களக் கொல்லப் போறேன்னு சொல்றதா? சொன்னா அந்தம்மாவுக்குக் கேக்கும். சொல்லாம எடுக்க எனக்கு வரல."

எனக்கு அப்போது அவள் மேல் எரிச்சல்கூட வந்தது. நாங்களெல்லாம் சொல்லாமல்தான் எடுத்திருக்கிறோம். நாடியைப் பார்த்தேன், நூல் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. பிரபு என்னை வாசலுக்கு அழைத்துப் போனான். அவன் கண் சிவந்திருந்தது.

"எடுத்துடுங்க மேடம். அம்மாக்கு ஒண்ணும் சொல்ல வாணாம். தானா போனா மாரி இருக்கட்டும்."

உங்கள் அம்மாவுக்குத் தெரியாமல் முடியாது தம்பி, அந்தப் பெண் அத்தனை பேர் முன்னால் கையை எடுப்பதைப் பார்த்தால் அவர் என்ன நினைப்பார் என்றேன். அம்மா தாங்க மாட்டார், நாளைக்கு நீங்களா வந்து பார்த்துக்கொள்ளப் போகிறீர்கள் என்று கேட்டான். அவன் கேட்டது நியாயம்தான். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனாலும் உள்ளே போனேன். சரோஜாவின் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். என் பெயரைச் சொன்னேன். ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றேன். அந்த ஒரு மூச்சு நேரம் காத்திருந்தேன்.

"அம்மா, இவரு தானா மூச்சு விடல. இந்தப் பொண்ணோட கைதான் மூச்சு குடுக்குது. கைய எடுத்தா நின்னுடும். இனிமே சரியாவாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. உங்க எல்லாரு கூடவும் இருந்து போகட்டும்னுதான் வீட்டுக்கு அழைச்சிட்டு வந்தாங்க."

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தலையைத் திருப்பிப் பிரபுவைப் பார்த்தார். "ஊட்ல வச்சி சாவடிக்கவாடா இட்டாந்த?" என்றார். சத்தம் போட்டுக்கூடக் கேட்கவில்லை. பிரபு முகத்தைப் பொத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டான். கூட்டத்தில் யாரோ என்னைத் திட்டினார்கள். திட்டியவர்களை நான் தப்புச் சொல்ல மாட்டேன்.

சரோஜா எழுந்து தலைமாட்டுக்கு வந்தார். தேன்மொழியின் கையைத் தட்டிவிட்டுப் பையைப் பிடுங்கினார். "எவளும் கைய எடுக்க வாணாம். நான் அமுக்கறேன்."

தடுக்க வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. மெதுவா அமுக்குங்கம்மா, நெஞ்சு இறங்கினதும் அடுத்தது அமுக்குங்க என்று மட்டும் தேன்மொழி சொல்லிக் கொடுத்தாள். அந்த அம்மா அழுத்தினார். முதலில் வேகமாக, பிறகு சரியாக, பிறகு மறுபடி வேகமாக. சிலிண்டர் தீர்ந்து, பையில் வெறும் காற்றுதான் போய்க்கொண்டிருந்தது. வாசல் வெயில் கட்டில் காலைவிட்டு நகர்ந்து போனது. தேன்மொழி ஏழுமலையின் கழுத்தில் விரலை வைத்துக்கொண்டே இருந்தாள். ஒரு கட்டத்தில் அவள் என்னைப் பார்த்தாள். நாடி நின்றுவிட்டது. சரோஜா அழுத்திக்கொண்டிருந்தார். நெஞ்சு அப்போதும் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தது.

அத்தனை வருடம் பாடம் நடத்தியவள் நான். எனக்கு வாய் திறக்கவில்லை. தேன்மொழி சுற்றிக்கொண்டு வந்து அந்த அம்மாவின் எதிரில், அவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நின்றாள்.

"சரோஜாம்மா, நான் தேன்மொழி. உங்க கையத் தொடப் போறேன்."

காத்திருந்தாள். பிறகு தன் கையை அவர் கை மேல் வைத்தாள். "ஐயா போயிட்டாரும்மா. நாடி இல்ல. ரெண்டு பேரும் சேந்து கைய எடுக்கலாம்" என்றாள். எடுத்தார்கள். அப்புறம் அவள் ஏழுமலையின் காதருகே குனிந்து, ஐயா குழாய எடுக்கறேன் என்று சொல்லிவிட்டு எடுத்தாள். அதற்குள் வீடு முழுக்க அழுகை எழுந்துவிட்டது.

பிரபு மருத்துவமனை நிர்வாகத்திடம் புகார் செய்தான். அனுப்பிய நர்ஸ் சொன்னதைச் செய்யவில்லை, பின்னால் வந்தவள் என் அம்மாவிடம் சொல்லக்கூடாததைச் சொன்னாள் என்று. முதல் ஆறு மாதம் அவன் மேல் எனக்கு ஆத்திரமாக இருந்தது. இப்போது இல்லை. தன் அப்பாவுக்காக அவன் ஒரு முடிவை எடுத்தான், அதை அம்மாவின் தலையில் ஏற்றக்கூடாது என்று நினைத்தான். அவனுக்கு உதவி செய்திருக்க வேண்டியவர்கள் நாங்கள். ஒரு சின்னப் பெண்ணையும் ஒரு ரப்பர் பையையும் அனுப்பி வைத்தோம்.

நிர்வாகம் தேன்மொழியின் அனுபவச் சான்றிதழை நிறுத்திவைக்கச் சொன்னது. எஸ்தர் அம்மா எங்கள் இருவரையும் அறைக்கு அழைத்தார். குரல் தாழ்ந்தே இருந்தது, நாங்கள் மேசை மேல் குனிய வேண்டியிருந்தது. ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டார். சொல்வதற்கு வார்த்தை கிடைக்கவில்லை என்றாள் தேன்மொழி. அதோடு விட்டிருக்கலாம். "நீங்க போயிருந்தா என்னன்னு சொல்லியிருப்பீங்க மேட்ரன்?" என்று கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த அறையில் யாரும் அவரிடம் திருப்பிக் கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை.

எஸ்தர் அம்மா நாற்காலியை விட்டு எழுந்தார். போகலாம் என்று கையைக் காட்டினார். அடுத்த தடவை அப்படி ஒரு நோயாளி கிளம்பியபோது, அவரே கஞ்சிப் புடவையோடு ஆம்புலன்ஸில் ஏறினார். திரும்பி வந்து நேராகக் குளியலறைக்குப் போனார். வெளியே வந்ததும், சாப்பிட்டீர்களா மேட்ரன் என்று நான் கேட்டேன். என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, பயம் இருந்தது.

அந்த வாரமே புதிய வழக்கம் வந்தது. வண்டி கிளம்பும் முன் வீட்டு ஆட்கள் எல்லாரும் உள்ளே வர வேண்டும். வெளியே தரையில் உட்கார்ந்திருக்கும் மனைவியும் அம்மாவும் கட்டாயம். என்ன நடக்கப் போகிறது, எதற்காக வீட்டுக்குப் போகிறோம், போதும் என்று யார் சொல்வது, கையை யார் எடுப்பது என்று டாக்டர் எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். நோயாளியின் காதிலும் சொல்ல வேண்டும். கூடப் போவது ஒரு டாக்டர், இல்லையென்றால் மூத்த நர்ஸ். சிலர் கத்தினார்கள். சிலர் கேட்டுவிட்டு, வேண்டாம், இங்கேயே இருக்கட்டும் என்றார்கள். கட்டில் காலியாகவில்லை என்று நிர்வாகம் முணுமுணுத்தது. எஸ்தர் அம்மா இருந்தவரை யாரும் அதில் கை வைக்கவில்லை. தேன்மொழியின் சான்றிதழும் இழுத்தடித்து ஒருவழியாக வந்தது.

எஸ்தர் அம்மா ஓய்வு பெற்றார், பிறகு நான். இப்போது அங்கே ஆம்புலன்ஸை வெளியே ஒப்பந்தத்துக்கு விட்டுவிட்டார்களாம். நர்ஸ் யாரும் போவதில்லை, டிரைவரோடு வரும் ஆள் அழுத்துகிறானாம். இளம் ஆசிரியைதான் சொன்னார், அதனால் எங்கள் பிள்ளைகளுக்கு அந்தக் கஷ்டமே இல்லை மேடம் என்று. நான் வகுப்புக்கு வருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். வட்டங்கள் வேண்டாம், செய்முறை அறைப் பொம்மையையும் ஒரு ஆம்பு பையையும் எடுத்து வைக்கச் சொன்னேன். எதற்கு என்று கேட்டார். வந்து சொல்கிறேன் என்றேன். அதற்குக் காரணம் சரோஜா.

ஏழுமலை இறந்து பல மாதம் கழித்து, சர்க்கரைக்கு மாத்திரை வாங்க வந்த சரோஜா நர்சிங் பள்ளி வராந்தாவில் வந்து உட்கார்ந்திருந்தார். ஆளே பாதியாகியிருந்தார். என்னைத் திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கி நான் சரியா அமுக்கலமா. அந்தப் பொண்ணு மெதுவா அமுக்குன்னு சொல்லிச்சி, நான் வேகமா அமுக்கிட்டேன். அதான் போய்ட்டாரு. பிரபு கைல சொல்லல. ஒங்கிட்டதான் சொல்றேன்."

 அப்படி இல்லை, அவர் குளியலறையில் விழுந்தபோதே முடிந்துவிட்டது என்று என்னென்னவோ சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, என் மனசு ஆறட்டும்னு சொல்ற என்றார். நம்பவில்லை. எப்படி நம்புவார்? பரவாயில்லை என்று டாக்டர் சொன்னதாக நம்பவிட்டுத்தானே அன்றைக்கு வீட்டுக்கு அனுப்பினோம். எங்கள் வாயிலிருந்து வரும் ஆறுதலுக்கு அவரிடம் மதிப்பு போய்விட்டது.

வார்டிலிருந்து தேன்மொழியைக் கூப்பிட்டனுப்பினேன். விஷயத்தைக் கேட்டாள். அவள் ஒரு ஆறுதல் வார்த்தையும் சொல்லவில்லை. வாங்கம்மா என்று செய்முறை அறைக்கு அழைத்துப் போனாள். எஸ்தர் அம்மா என்னைக் கிடத்தியிருந்த அதே கட்டிலில் பயிற்சிப் பொம்மை கிடந்தது. அதன் வாய்க் குழாயில் பையை மாட்டி அவர் கையில் கொடுத்தாள். அன்றைக்கு அழுத்தியது மாதிரியே அழுத்தச் சொன்னாள்.

சரோஜா தயங்கினார். பிறகு அழுத்தினார். பொம்மையின் நெஞ்சு ஏறியது, இறங்கியது. தேன்மொழி அவரைத் தொடாமல், அங்கே பாருங்க என்று நெஞ்சைக் காட்டினாள். வேகமாக அழுத்தினார். அப்போதும் ஏறியது. ஒரு கையால் அழுத்தினார். அப்போதும் ஏறியது.

"அன்னிக்கும் இப்படித்தான் ஏறிச்சு. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்" என்றாள் தேன்மொழி.

"அப்ப நான் நல்லாத்தான் அமுக்கிக்கீறேன்."

"ஆமாம்மா."

"அப்பவும் போய்ட்டாரு."

"ஆமாம்மா."

சரோஜா அழுத்துவதை நிறுத்தவில்லை. நாங்கள் இருவரும் நிறுத்தச் சொல்லவில்லை. வெளியே அடுத்த வகுப்புக்கான பிள்ளைகள் வந்து கதவருகில் நின்றார்கள், உள்ளே பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார்கள். வெகு நேரம் கழித்து அவர் பொம்மையின் முகத்தருகே குனிந்தார்.

"கைய எடுக்கறேன்பா" என்றார். ஒரு மூச்சு நேரம் காத்திருந்தார். எடுத்தார்.